திருத்தணி வயல்களில் ஒரு நாள்: பயிரை வளர்ப்பதும் தணிப்பதும் ஹார்மோன்தான்

ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போதே திருத்தணி கடைவீதியில் பூக்கூடைகள் இறங்கத் தொடங்கிவிடும். பொழுது விடியும் முன்பே மினி லாரியிலும், டி.வி.எஸ். வண்டியிலும், தலைச்சுமையாகவும் பூ வருகிறது. சாமந்தி, மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலை. பூக்காவடிக்குச் சரம் சரமாகப் பூ வேண்டும். அந்த ஒரு வாரத்தை நம்பித்தான் சுற்றுவட்டாரத்தில் பல குடும்பங்கள் சித்திரை, வைகாசியிலேயே நாற்று விடுகின்றன.

முருகனின் ஆறுபடை வீடுகளில் ஒன்று இந்த மலை. சூரனோடு நடந்த போரின் கோபம் தணிந்து முருகன் அமர்ந்த இடம் என்பதால் தணிகை என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அடிவாரத்தில் சரவணப் பொய்கை. அங்கிருந்து மேலே போக 365 படிகள், ஆண்டின் நாளுக்கு ஒன்றாக. டிசம்பர் 31ஆம் தேதி இரவு ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து பாடிக்கொண்டே ஏறுகிற திருப்படித் திருவிழாவும் இங்கே பெயர் பெற்றது.

மேலே ஏறி நின்றால் நாலு பக்கமும் பச்சை தெரியும். கிழக்கே திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பும் நெல்லும். மேற்கே பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வரைக்கும் மானாவாரி வேர்க்கடலை. வடக்கே நகரி மலைகள், அதற்கு அந்தப் பக்கம் ஆந்திரா. இந்த ஊரே 1960 ஏப்ரல் 1ஆம் தேதி வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும், படாஸ்கர் பரிந்துரைக்கும் பிறகு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இன்றும் பெட்டிக்கடையில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேச்சு. உர மருந்துக் கடையிலும் அப்படியே. இரண்டு மொழியில் அச்சடித்த புட்டிகள் வரிசையாக நிற்கின்றன.

அந்தப் புட்டிகளில் பாதிக்கு மேல் ‘டானிக்’ என்ற ஒரே பெயரில்தான் விற்பனை. பூ உதிராமல் இருக்க ஒன்று, காய் பெருக்க ஒன்று, பயிர் கருகருவென்று வர ஒன்று. உள்ளே இருப்பது சத்தா, ஊக்கியா, வெறும் கலர் தண்ணீரா என்று வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. பயிர் தன் உடம்புக்குள் எந்த ஹார்மோனை எந்த நேரத்தில் சுரக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்தப் புட்டி தேவை, எது வீண் செலவு என்பது தானாகத் தெளியும். அதற்குத் திருத்தணியைச் சுற்றியுள்ள வயல்களை விடப் பெரிய பள்ளிக்கூடம் தேவையில்லை.

தலை கிள்ளினால் கிளை

மலையை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் சாமந்தித் தோட்டங்கள். நட்டு முப்பது நாளான செடிகளின் நுனியைப் பெண்கள் இரண்டு விரலால் கிள்ளிக்கொண்டே போவார்கள். புதிதாகப் பார்க்கிறவருக்கு, நன்றாக வளர்கிற செடியை ஏன் ஒடிக்கிறார்கள் என்று தோன்றும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கிள்ளிய செடி குடை மாதிரி விரிந்திருக்கும். கிள்ளாத செடி ஒற்றைக் குச்சியாக மேலே போயிருக்கும். கிளைக்கொரு பூ என்றால்கூட எது லாபம் என்று கணக்குப் போடத் தேவையில்லை.

இதற்குக் காரணம் ஆக்சின் என்ற ஹார்மோன். செடியின் நுனி மொட்டில் அது உற்பத்தியாகிக் கீழ்நோக்கி இறங்குகிறது. இறங்கும் வழியில் உள்ள பக்க மொட்டுகளை அது தூங்க வைத்துவிடும். நுனியைக் கிள்ளியதும் அந்த அதிகாரம் போய்விடுகிறது. வேரிலிருந்து மேலே வரும் சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்குகிறது. பக்க மொட்டுகள் கண் விழிக்கின்றன.

இதே சங்கதியைத்தான் கரும்புக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். முழுக் கரும்பை அப்படியே புதைத்தால் மேல் கணுக்கள்தான் முந்தி முளைக்கும், அடிக் கணுக்கள் பின்தங்கிவிடும். இரண்டு பருக் கரணையாக வெட்டி நட்டால் எல்லாப் பருவும் முளைக்கும். வெட்டுகிற கத்தி, மேல் பருவின் அதிகாரத்தையும் சேர்த்து வெட்டிவிடுகிறது. நீடித்த நவீன கரும்பு சாகுபடியில் நட்ட ஒரு மாத அளவில் தாய்க்குருத்தை நறுக்கிவிடச் சொல்வதும் இதற்காகவே. தூர் சீராக வெடிக்கும். பி.கே.எம்.1 செடிமுருங்கையை 75 சென்டிமீட்டர் உயரத்தில் நுனி கிள்ளுவதும், குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டுக் கவாத்து செய்வதும் அதே கணக்கு. செலவு இல்லாத ஹார்மோன் வைத்தியம் இது. கட்டைவிரல் நகமும் கத்தரிக்கோலும் போதும்.

ஆக்சினைக் கண்டுபிடித்த கதையும் ஒரு புல் நுனியில்தான் தொடங்கியது. இங்கிலாந்தில் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் புல் நாற்றின் நுனியை மூடிவைத்துப் பார்த்தார்கள். மூடிய நாற்று வெளிச்சத்தின் பக்கம் வளையவில்லை. நுனியிலிருந்து ஏதோ ஒரு சேதி கீழே போகிறது என்று 1880இல் எழுதினார்கள். அந்தச் சேதி ஒரு வேதிப்பொருள் என்பதை ஹாலந்து நாட்டு விஞ்ஞானி வென்ட் 1920களின் கடைசியில் ஓட்ஸ் நாற்றில் நிரூபித்தார். நிழலில் வைத்த நாற்றுத் தட்டு ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்த்திருக்கிற எல்லாரும் அந்தச் சோதனையின் முடிவைப் பார்த்தவர்கள்தான்.

மல்லிக் குச்சி வேர் பிடிப்பதும் ஆக்சினால்தான். நாற்றங்காலில் மல்லித் துண்டுகளின் அடியை ஐ.பி.ஏ. என்ற ஆக்சின் வகை ஊக்கியில், 1000 பி.பி.எம். கரைசலில் தொட்டு நட்டால் வேர் கூடுதலாக வருகிறது.

கிறுக்கு நாற்றும் குட்டை நெல்லும்

ஆடியில் இந்தப் பக்கத்து நன்செயில் சொர்ணவாரி நெல் அறுவடைக்கு நிற்கும். இடுப்பளவுக்கு மேல் போகாத, கதிர் கனத்தாலும் சாயாத பயிர். இந்த உயரம்கூட ஒரு ஹார்மோன் கணக்குதான்.

ஜப்பானில் நெல் நாற்று சில இடங்களில் மட்டும் வெளிறிப்போய், மற்ற நாற்றுகளைவிட உயரமாக, மெலிந்து வளர்ந்து சாய்ந்துவிடும். அந்த நாட்டு விவசாயிகள் அதைக் ‘கிறுக்கு நாற்று’ என்ற பொருளில் பக்கானே என்று அழைத்தார்கள். ஒரு பூஞ்சாணம் சுரக்கிற பொருள்தான் நாற்றை இப்படி இழுத்துவிடுகிறது என்று 1926இல் குரோசவா என்ற விஞ்ஞானி காட்டினார். 1935இல் அந்தப் பொருளுக்கு ஜிப்ரலின் என்று பெயர் வைத்தார்கள். பூஞ்சாணத்திடம் மட்டும் இல்லை, எல்லாப் பயிரிடமும் ஜிப்ரலின் உண்டு என்பது பிறகு தெரிந்தது. தண்டு நீள்வதும், விதை முளைக்கும்போது மாவுச்சத்து கரைந்து குருத்துக்கு உணவாவதும் அதன் வேலை. நம் ஊர் நாற்றங்காலிலும் இந்தக் கிறுக்கு நாற்று அங்கங்கே தென்படும். வளர்த்தி நல்லது என்று ஏமாறாமல் பிடுங்கி அழிப்பதும், விதையை நேர்த்தி செய்து விதைப்பதும் அவசியம்.

பழைய நெல் ரகங்கள் உயரமானவை. உரம் போட்டால் இன்னும் நெடுத்துச் சாய்ந்துவிடும். ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரகங்கள் 1960களில் வந்ததும் நிலைமை மாறியது. அந்தக் குட்டைத்தன்மைக்குக் காரணமான மரபணு, தண்டில் ஜிப்ரலின் சுரப்பைக் குறைக்கிற ஒன்று என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. ஊட்டிய உரம் தண்டுக்குப் போகாமல் கதிருக்குப் போனது. பசுமைப் புரட்சியே ஒரு ஹார்மோனைத் தணித்ததால் வந்த புரட்சி என்று சொல்லலாம்.

இதில் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. திருத்தணியிலிருந்து சென்னை போகும் வழியில் திருவள்ளூரைத் தாண்டினால் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம். திரூர்குப்பம் என்ற பெயரில்தான் அங்கிருந்து வரும் ரகங்களுக்கு டி.கே.எம். என்ற எழுத்துகள். அங்கே உருவான டி.கே.எம்.6 ரகத்தைக் குட்டை நெல்லோடு சேர்த்துத்தான் பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.20 ரகத்தைக் கொண்டுவந்தது. குட்டைக்குணம் ஒரு பக்கத்திலிருந்தும், தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் நம் டி.கே.எம்.6இலிருந்தும் வந்தன.

அறுவடை நேரத்து மழைக்குப் பயப்படாத விவசாயி இல்லை. கதிர் நனைந்து இரண்டு நாள் கிடந்தால் கதிரிலேயே முளை விட்டுவிடும். வேர்க்கடலையில் கொத்து ரகங்களுக்கும் இதே தொல்லை. பிடுங்கத் தாமதமானால் மண்ணுக்குள்ளேயே காயில் முளை வந்துவிடும். விதையைத் தூங்க வைப்பது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன். அது போதுமான அளவு இருக்கிற ரகம் ஈரத்திலும் சில வாரம் தூங்கும்; குறைவான ரகம் உடனே விழித்துவிடும். அதனால் கொத்துக் கடலையை முதிர்ந்ததும் நாள் கடத்தாமல் பிடுங்க வேண்டும். முதிர்ந்த நெல்லில் தண்ணீரை வடித்துவிட வேண்டும். வெயிலில் இலை வாடும்போது இலைத்துளைகளை மூடி ஈரத்தைக் காப்பாற்றுவதும் இதே அப்சிசிக் அமிலம்தான். வறட்சியில் பயிரின் வளர்ச்சி நிற்பது பயிர் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. அந்த நேரத்தில் வளர்ச்சி டானிக் அடிப்பது, பட்டினி கிடக்கிறவனை ஓடச் சொல்வதற்குச் சமம்.

மண்ணைத் தேடும் விழுது

பள்ளிப்பட்டுச் சாலையில் போனால் செம்மண் நிலங்களில் வேர்க்கடலை. பூத்து முடிந்த இடத்திலிருந்து விழுது கீழே இறங்குவதைக் குனிந்து பார்த்தால் தெரியும். செடி மேல்நோக்கி வளர்கிறது, விழுது மட்டும் மண்ணை நோக்கிப் போகிறது. கருவுற்ற பூவின் அடியில் நடக்கிற ஹார்மோன் மாற்றத்தால் விழுது நீண்டு, பூமியின் ஈர்ப்பை உணர்ந்து இறங்குகிறது. மண்ணுக்குள் இருட்டு கிடைத்த பிறகுதான் காய் பருக்கத் தொடங்கும். மண் இறுகிக் கிடந்தாலோ, விழுது உயரத்தில் நின்றுவிட்டாலோ, ஹார்மோன் தன் வேலையைச் செய்தும் காய் கிடைக்காது.

அதனால் நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு, களைகொத்தி மண் அணைப்பதுதான் முதல் வேலை. அதன்பிறகு பருவத்தில் கொடுக்கிற ஊக்கி பலன் தரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ‘நிலக்கடலை ரிச்’ சத்தும் வளர்ச்சி ஊக்கியும் கலந்த ஒன்று. ஏக்கருக்கு 2 கிலோவை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒட்டும் திரவம் சேர்த்து, பூக்கும் தருணத்தில் ஒரு முறையும் காய் பிடிக்கும் தருணத்தில் ஒரு முறையும் தெளிக்கலாம். கரும்புக்கு ‘கரும்பு பூஸ்டர்’ உண்டு. 45, 60, 75ஆம் நாட்களில் ஏக்கருக்கு முறையே 1, 1.5, 2 கிலோ. பயறு வகைகளுக்கு ‘பயறு ஒண்டர்’, பூக்கும் நேரத்தில் ஏக்கருக்கு 2 கிலோ. எல்லாவற்றிலும் நாள்தான் முக்கியம். பூ வந்து போன பிறகு பூ உதிராமல் இருக்க மருந்தடித்துப் பயனில்லை.

மலைக்குப் போகும் வழியில் உடைபடும் தேங்காய்த் தண்ணீரிலும் ஒரு பாடம் இருக்கிறது. தேங்காய்த் தண்ணீரில் சைட்டோகைனின் வகை ஹார்மோன் உண்டு. திசு வளர்ப்புக் கூடங்களில் 1940கள் முதலே அதைப் பயன்படுத்தி வருகிறார்கள். நம் விவசாயிகள் பஞ்சகவ்யாவில் இளநீர் ஊற்றுவதும், தேங்காயும் மோரும் புளிக்க வைத்துத் தேமோர் கரைசல் அடிப்பதும் இந்த வழியில் வந்த அனுபவம்தான். தயாரிப்பில் அளவு வீட்டுக்கு வீடு மாறுவதால், முதலில் நாலு வரிசைக்கு அடித்து ஒரு வாரம் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அடிப்பது நல்லது.

ஆடிக் காற்று கொண்டுவந்த வினை

திருத்தணிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் அரை ஏக்கர் கத்தரி வைத்திருக்கிற அம்மா ஒருவர். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தை நம்பி, முதல் பறிப்பு அந்த வாரம் வரும்படி நாள் பார்த்து நட்டிருந்தார். செடி பூவும் பிஞ்சுமாக நின்றபோது ஒரு நாள் காலையில் கொழுந்து இலைகள் எல்லாம் முறுக்கிக்கொண்டு கிடந்தன. இலை ஒடுங்கிப் பட்டை போலாகி, தண்டு வளைந்து, பூ கொட்டத் தொடங்கியது.

சிற்றிலை நோய் என்று நினைத்தார். கடையில் கேட்டார், பூச்சிக்கு ஒன்று, ‘செடி தேற’ டானிக் இரண்டு என்று கொடுத்தார்கள். மூன்றையும் அடித்தார். செடி இன்னும் மோசமானது. நகை அடகுக் கடைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மகன் நாலு கொழுந்தைப் பறித்து ஈரத்துணியில் சுற்றி வேளாண்மை விரிவாக்க மையத்துக்குக் கொண்டுபோனார். பார்த்ததும் அங்கே கேட்ட முதல் கேள்வி, “பக்கத்து நிலத்துல என்ன பயிர், போன வாரம் என்ன அடிச்சாங்க?”

பக்கத்தில் கரும்பு. அகன்ற இலைக் களைக்கு 2,4-டி அடித்திருந்தார்கள். ஆடிக் காற்று கரும்புப் பக்கமிருந்து கத்தரிப் பக்கம் வீசியது.

வரப்பில் இரண்டு பேரும் நின்று பேசியது சண்டையாகத்தான் தொடங்கியது. “அக்கா, நான் கரும்புக்குத்தானே அடிச்சேன். உங்க கத்தரிப் பக்கம் நான் வரவே இல்லையே” என்றார் கரும்புக்காரர். “நீ வரலை தம்பி, காத்து வந்துச்சே” என்றார் அந்த அம்மா. அதற்குமேல் பதில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

2,4-டி என்பதும் ஆக்சின் குணம் கொண்ட செயற்கைப் பொருள்தான். செடியின் உள்ளே இருக்கும் ஆக்சினைப் போலவே நடிக்கும். ஆனால் செடியால் அதை எளிதில் கரைத்து அழிக்க முடியாது. அகன்ற இலைப் பயிர்கள் தாறுமாறாக வளர்ந்து, முறுக்கி, களைத்துச் செத்துப்போகும். கரும்பு, சோளம் போன்ற புல்லினப் பயிர்கள் தாங்கிக்கொள்ளும். ஒரு லிட்டருக்கு இரண்டு, மூன்று மில்லிகிராம் அளவில் கத்தரி, தக்காளியில் காய்ப்பிடிப்பைக் கூட்ட இதே பொருளை ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்திப் பார்த்ததுண்டு. களைக்கொல்லியாக அடிப்பது அதைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. பொருள் ஒன்றுதான், அளவு மாறினால் பெயரே மாறிவிடுகிறது. காய்ப்பிடிப்புக்கு என்று எந்த விவசாயியும் இதைத் தொட வேண்டாம்; கை தவறினால் மிஞ்சுவது முறுக்கிய செடிதான்.

சிற்றிலை நோய்க்கும் இதற்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினமில்லை. நோய் என்றால் வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, நாளுக்கு நாள் பரவும். மருந்துக் காற்று என்றால் எல்லாச் செடியும் ஒரே நாளில், ஒரே பருவக் கொழுந்தில் காட்டும். காற்று வந்த பக்கத்து வரிசை அதிகமாகவும், தள்ளிப்போகப் போகக் குறைவாகவும் இருக்கும். பழைய இலைகள் நன்றாகவே இருக்கும். வயலில் ஒட்டியிருக்கும் பூசணி, பருத்தி, தக்காளியும் சேர்ந்து முறுக்கியிருந்தால் சந்தேகமே இல்லை. அப்போது எந்த டானிக்கும் வேண்டாம். தண்ணீர் கட்டி, செடியைத் தொந்தரவு செய்யாமல் விட்டால், பாதிப்பு லேசாக இருந்த செடிகள் மூன்று, நாலு வாரத்தில் நல்ல கொழுந்து விடும்.

அந்த அம்மாவின் வயலில் கரும்பை ஒட்டிய எட்டு வரிசை தேறவே இல்லை. மற்றவை தேறின, ஆனால் முதல் பறிப்பு போய்விட்டது. ஆடிக் கிருத்திகை முடிந்து பதினைந்து நாள் கழித்துத்தான் காய் சந்தைக்குப் போனது. அப்போது விலை இறங்கியிருந்தது. டானிக்குக்குச் செலவான பணம் திரும்பவே இல்லை. இப்போது கரும்புக்காரர் மருந்தடிப்பதற்கு முதல் நாளே சொல்லிவிடுகிறார். காற்றில்லாத காலை நேரத்தில், நாசிலைத் தாழ்த்தி, கரும்பு வரிசைக்குள் மட்டும் அடிக்கிறார். களைக்கொல்லிக்கு என்று தனித் தெளிப்பான் வைத்திருக்கிறார். கத்தரிக்கு அந்தத் தெளிப்பானை இரவல் கேட்டால்கூடக் கொடுப்பதில்லை. எவ்வளவு கழுவினாலும் டேங்கின் மூலையிலும் குழாயிலும் ஒட்டியிருக்கிற மிச்சமே போதும், அடுத்த வயல் முறுக்கிக்கொள்ள. எஸ்டர் வகை 2,4-டி ஆவியாகவும் கிளம்பும் என்பதால், பக்கத்தில் காய்கறியோ பூவோ இருந்தால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

நகரிப் பாதையில் மாந்தோப்பு

வடக்கே நகரிப் பக்கம் திரும்பினால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாந்தோப்புகள். கிளிமூக்கு என்று நம்மவர்கள் சொல்லும் பெங்களூரா ரகம்தான் அதிகம். சித்தூர்ப் பகுதிக் கூழ் ஆலைகளுக்கு அதுதான் போகிறது. ஆடியில் பறிப்பு ஓய்ந்து, அடுத்த வருடத்துக்கான யோசனை ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு வருடம் காய்த்தால் அடுத்த வருடம் ஓய்வெடுக்கும் மரங்களுக்கு பேக்லோபியூட்ரசால் ஊற்றச் சொல்லி ஆள் வருவார்கள். இது வளர்ச்சியைத் தூண்டும் மருந்து இல்லை. மரத்துக்குள் ஜிப்ரலின் உருவாவதைத் தடுக்கிற மருந்து. தளிர் விடுவதைத் தணித்து, மரத்தைப் பூவின் பக்கம் திருப்புகிறது. செப்டம்பர் முதல் பாதியில், மண்ணில் ஈரம் இருக்கும்போது, மரத்தின் குடை அகலத்துக்கு ஏற்ற அளவில் வேர்ப் பகுதியில் ஊற்ற வேண்டும். நோஞ்சான் மரத்துக்கும் இளம் கன்றுக்கும் ஆகாது. மண்ணில் நீண்ட நாள் தங்கும் என்பதால் அளவு கூடினால் அடுத்தடுத்த வருடத் தளிர்கள் குறுகி, கணுக்கள் நெருங்கி, பூங்கொத்து இறுகிப்போகும். தோட்டக்கலைத் துறை அலுவலர் மரத்தைப் பார்த்துச் சொல்லும் அளவைத் தாண்ட வேண்டாம். எருவும் தண்ணீரும் கொடுக்காமல் இதை மட்டும் ஊற்றுவது, மாட்டுக்குத் தீனி போடாமல் கறப்பதைப் போன்றது.

பிஞ்சு கடுகளவிலும் பட்டாணி அளவிலும் இருக்கும்போது கொட்டுவதைக் குறைக்க என்.ஏ.ஏ. என்ற ஆக்சினை 20 பி.பி.எம். அளவில் தெளிக்கிறார்கள். பழக்க வைக்கிற வேலை எத்திலீனுடையது. ஹார்மோன்களிலேயே காற்றாக இருப்பது இது ஒன்றுதான். பழுத்த பழம் எத்திலீனை வெளியிடும் என்பது 1934இல் நிரூபணமானது. வைக்கோலுக்குள் மாங்காயை வைத்துப் பழுக்க விடுகிற நம் பழக்கமும், வாழைத்தாருக்குப் புகை மூட்டம் போடுவதும் எத்திலீனைத் தேக்கி வைக்கிற வழிகள்தான். பூக்கூடையையும் பழுத்த பழக்கூடையையும் ஒரே வண்டியில் மூடி ஏற்றினால் பல பூக்கள் சீக்கிரம் வாடிவிடுவதற்கும் அதுவே காரணம்.

கால்சியம் கார்பைடு கல்லில் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதிலிருந்து வருவது எத்திலீன் இல்லை, அசெட்டிலீன். கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் நச்சின் சுவடும் வரும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். வரை அனுமதிக்கிறது. எத்திபான் திரவத்தில் பழத்தை முக்குவதும் கூடாது. அதிலிருந்து வரும் வாயு மட்டும்தான் பழத்தைத் தொட வேண்டும்.

புட்டியில் என்ன எழுதியிருக்கிறது

சாயங்காலம் திருத்தணிக் கடைவீதிக்குத் திரும்பினால் அதே புட்டிகள் அதே வரிசையில். இப்போது அவற்றைப் படித்துப் பார்க்கலாம்.

வளர்ச்சி ஊக்கிகள் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். லேபிளில் பதிவு எண், உள்ளே இருக்கும் பொருளின் பெயர், அதன் சதவீதம், எந்தப் பயிருக்கு, எவ்வளவு, தயாரித்த தேதி எல்லாம் இருக்கும். கடல்பாசி, ஹியூமிக் போன்ற உயிர்த்தூண்டிகளுக்கான விதிகள் 2021இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் சேர்க்கப்பட்டன. இரண்டு வகையிலும் சேராமல், பெயர் மட்டும் பெரிதாக, உள்ளே என்ன என்று எழுதாத புட்டியை வாங்கவே வேண்டாம். வாங்குகிற எதற்கும் பில் கேளுங்கள். பில் இல்லாத புட்டியால் பயிர் கெட்டால் யாரிடமும் போய் நிற்க முடியாது.

பி.பி.எம். என்றால் பயப்பட வேண்டியதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் பொருள் என்பதே ஒரு பி.பி.எம். கடையில் கிடைக்கிற என்.ஏ.ஏ. பெரும்பாலும் 4.5 சதவீதம், அதாவது ஒரு மில்லியில் 45 மில்லிகிராம். ஒரு மில்லியை நாலரை லிட்டர் தண்ணீரில் கலந்தால் 10 பி.பி.எம். பத்து லிட்டர் டேங்குக்கு 2.2 மில்லி. மிளகாயில் பூ உதிர்வதற்கு நட்ட 60ஆம் நாளும் 90ஆம் நாளும் இந்த 10 பி.பி.எம். போதும். மாம்பிஞ்சுக்குச் சொன்ன 20 பி.பி.எம். வேண்டுமானால் டேங்குக்கு 4.4 மில்லி. எத்திபான் 39 சதவீதம். பத்து லிட்டருக்கு இரண்டரை மில்லி கலந்தால் ஏறக்குறைய 100 பி.பி.எம். புடலை, பாகல் போன்ற கொடிகளில் விதைத்த பத்து, பதினைந்தாம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை நாலு தடவை தெளித்தால் பெண் பூக்கள் கூடும்.

மூடியால் ஊற்றுவதை விட்டுவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்று வாங்கி இதற்கென்றே வைத்துக்கொண்டால் அளவு தப்பாது. குழந்தைகள் கை படாத இடத்தில் வைக்க வேண்டும். இரண்டு ஊக்கிகளையோ, ஊக்கியோடு பூச்சிமருந்தையோ லேபிளில் சொல்லாமல் கலக்கக் கூடாது. தெளிப்பது காலையிலோ சாயங்காலத்திலோ, காற்றும் மழையும் இல்லாத நேரத்தில். முதலில் சில செடிகளில் தெளித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போவது எப்போதும் நல்லது.

பொழுது சாய்ந்ததும் மலையில் விளக்கு ஏற்றிவிடுவார்கள். காலையில் கூடை கூடையாக வந்த பூ இப்போது சரமாகவும் காவடியாகவும் மேலே ஏறிக்கொண்டிருக்கும். கீழே சாமந்தித் தோட்டத்தில் காலையில் கிள்ளிப்போட்ட நுனிகள் வரப்போரம் வாடிக் கிடக்கும். அடுத்த வாரமே அந்தச் செடிகளில் பக்கக் கிளைகள் கண் திறந்துவிடும். கத்தரிக்கார அம்மா இந்த வருடம் கரும்பு இருக்கும் பக்கம் மூன்று வரிசை மக்காச்சோளம் போட்டிருக்கிறார். காற்று வந்தால் முதலில் அது தாங்கட்டும் என்று.